பனி வாரினவனுக்கே இடம்

"இந்தப் பனி உருகுற வரைக்கும் என் கார் அந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகராது. இது சத்தியம்!"

சமையலறை நடுவில் நின்று, காபிக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி இப்படிச் சபதம் செய்தவர் நார்பர்ட் நோவாக். சிகாகோவின் தென்மேற்கு மூலையில், செங்கல் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கிற ஒரு தெருவில் குடியிருப்பவர். பள்ளிக்கூடம் ஒன்றில் கொதிகலன் பார்க்கிற உத்தியோகம். அவர் திருகினால் பள்ளிக்கூடமே சூடாகும், அவர் திருகினால் குளிரும். வீட்டில் அந்தப் பாச்சா பலிக்காது. வீட்டில் எப்போது சூடு, எப்போது குளிர் என்று முடிவு செய்வது அவர் மனைவி பெர்னிஸ்.

சபதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. புதன்கிழமை ராத்திரி கொட்டத் தொடங்கிய பனி மறுநாள் மாலைதான் ஓய்ந்தது. ஓய்ந்தபோது தெருவில் ஒரு காரையும் காணோம். வெள்ளை வெள்ளையாய் மேடுகள்தான் இருந்தன. எந்த மேட்டுக்குள் யார் கார் என்று உத்தேசமாகத் தோண்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். போதாக்குறைக்கு மாநகராட்சிப் பனி வண்டி வந்து, நடுத்தெருப் பனியையெல்லாம் வழித்து, ஓரத்தில் நிற்கிற கார்கள் மேலேயே தள்ளிவிட்டுப் போயிற்று. வெள்ளிக்கிழமை நார்பர்ட் மண்வெட்டியோடு இறங்கினார். வாரினார், வாரினார், இடுப்பு கழன்று கையில் வந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு வாரினார். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கார் கச்சிதமாக நிற்கும்படி இடம் கிடைத்தது. கறுப்பாகத் தார் தெரிந்தது. அந்தத் தாரைப் பார்த்து மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஊரில் எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பனி வாரினவனுக்கே இடம். காரை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவன், தான் வாரிய இடத்தில் ஒரு பழைய நாற்காலியோ, இஸ்திரி மேஜையோ, ஓட்டை வாளியோ வைத்துவிட்டுப் போகலாம். அவன் திரும்பி வரும்வரை ஒருத்தரும் தொடக் கூடாது. மீறித் தொட்டு அங்கே காரை விட்டவன், காலையில் வந்து பார்த்தால் நாலு டயரும் சப்பையாகக் கிடக்கும். அல்லது யாரோ புண்ணியவான் குழாயைத் திறந்து தண்ணீர் பீய்ச்சி, கார் முழுக்க ஐஸ் கட்டியாய் உறைந்து நிற்கும். போலீஸ்காரரே தன் வீட்டு வாசலில் நாற்காலி வைத்திருக்கிற ஊரில் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

"சத்தியம் பண்ணி முடிச்சாச்சா?" என்றாள் பெர்னிஸ், தட்டைத் துடைத்துக்கொண்டே. "கையை இறக்கு, காபி கொட்டும். கார் நகராதுன்னா நாளைக்கு எதுல போறது?"

"எங்கே போறது?"

"நாளைக்கு என்ன நாள்?"

"சனிக்கிழமை."

"அப்புறம்?"

நார்பர்ட் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. நாளைக்குக் கல்யாண நாள்.

"டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு போன வருஷம் சொன்னே. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னே. அந்த நூறு மாடிக் கோபுரத்து மேல ஏறணும். பார்க்குல இருக்கிற அந்த எஃகு அவரைக்கொட்டையைப் பார்க்கணும். ஒரு நல்ல ஹோட்டல்ல காலை நீட்டி உட்காரணும், ஒருத்தி கொண்டு வந்து வைக்கணும், நான் சாப்பிடணும்."

"ஊர் சுத்திப் பார்க்கிறதெல்லாம் வெளியூர்க்காரன் பண்ற வேலை பெர்னிஸ். உள்ளூர்க்காரன் எவனாவது கோபுரம் ஏறியிருக்கானா? கேட்டுப் பாரு."

"அதான் எனக்கும் வயிறு எரியுது. இந்த ஊர்லயே பொறந்தேன், இந்த ஊர்லயே கிழவியாகப் போறேன். நம்ம ஊர்க் கோபுரத்தை நான் எங்கே பார்த்திருக்கேன் தெரியுமா? பாங்குல குடுக்கிற காலண்டர்ல!" தட்டை டக்கென்று வைத்தாள். "சரி, பனியில வேண்டாம். ஜூலையில உனக்கு ஒரு வாரம் லீவு வருமே, அப்போ டவுன்ல ஒரு ஹோட்டல்ல ரூம் போட்டு..."

"ஜூலையா? ஜூலை விஸ்கான்சினுக்கு!"

விஸ்கான்சின் என்றால் ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஒரு மரக்குடிசை, குடிசை நிறைய மீன் நாற்றம். வருஷா வருஷம் ஜூலையில் ஒரு வாரம் நார்பர்ட்டுக்கு அதுதான் சொர்க்கம்.

"அங்கே மீன் பிடிக்கிறது நீ. செதிள் சுரண்டுறது யாரு? பொரிக்கிறது யாரு? கொசுக்கடி யாருக்கு?"

"கொசு என்னையும்தான் கடிக்குது."

"உன்னைக் கடிச்ச கொசு, நீ குடிச்ச பீரோட மப்புல கீழே விழுந்துடுது. என்னைத்தான் தெளிவா உட்கார்ந்து கடிக்குது."

இந்தக் கட்டத்தில் பின்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு கார்மைன் தெஸ்டா. ஓய்வு பெற்ற பிளம்பர், ஆறடி உருவம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய டிரக். பனி கொட்டிய நாளில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர். திரும்பி வந்தபோது தெரு முழுக்க நாற்காலிகள். டிரக்கை எங்கேயோ நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, அங்கிருந்து வழுக்கி வழுக்கி நடந்து வந்திருக்கிறார்.

"மாப்ளே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் கார் சின்னது. கொஞ்சம் முன்னால தள்ளி நிறுத்தினேன்னா..."

"கார்மைன், நாம எத்தனை வருஷப் பழக்கம்?"

"முப்பது இருக்கும்."

"என் கிட்னி வேணுமா, எடுத்துக்கோ. இடத்தைக் கேட்காதே. பனி வாரினவனுக்கே இடம்."

கார்மைன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். பெர்னிஸ் அவருக்கும் ஒரு காபி ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நார்பர்ட்டின் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. வருஷா வருஷம் இந்த டவுன் பேச்சு வருகிறது. இதை வேரோடு பிடுங்கினால் என்ன? வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. ஏரிக்காற்று காதை அறுக்கிறது. இந்தக் குளிரில் இவளை நாள் முழுக்க ஊர் சுற்ற வைத்தால், மத்தியானத்துக்குள் காலில் விழுந்து 'வீட்டுக்குப் போலாம்' என்று கதற மாட்டாளா?

"சரி பெர்னிஸ், போலாம். நாளைக்கே போலாம். ஆனா ஒரு பந்தயம்."

"சொல்லு."

"நாளைக்கு டவுன்ல கால் வெச்ச நிமிஷத்துலேர்ந்து, யாரு முதல்ல 'வீட்டுக்குப் போலாம்'னு சொல்றாங்களோ அவங்க தோத்தாங்க. நீ தோத்தா ஜூலைக்கு விஸ்கான்சின், அதோட இந்த வீட்டுல டவுன் பேச்சே வரக் கூடாது."

"நீ தோத்தா?"

"ஜூலையில ஒரு வாரம் டவுன் ஹோட்டல். நீ சொல்ற எடத்துல சாப்பாடு."

"கார்மைன் அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா? நீங்கதான் சாட்சி."

"கேட்டேன் தங்கச்சி."

"அப்போ காரும் நகரணும்" என்றாள் பெர்னிஸ். "கல்யாண நாளும் அதுவுமா ரயில்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு வர முடியாது. இப்பதானே ஏதோ சத்தியம் பண்ணே?"

"அது பழைய சத்தியம்" என்றார் நார்பர்ட். ஜெயிக்கப் போகிற மனிதனுக்கு ஒரு சத்தியம் போனால் என்ன? நாற்காலி வைத்துவிட்டுப் போனால் இடம் எங்கே ஓடிவிடப் போகிறது?

சனிக்கிழமை காலையில் அவர் காரை வெளியே எடுத்தார். அடித்தளத்திலிருந்து இரண்டு பழைய சமையலறை நாற்காலிகளைக் கொண்டு வந்தார். ஒன்றுக்கு முதுகு இல்லை, ஒன்றுக்குக் கால் ஆட்டம். இரண்டையும் இடத்தின் நடுவில் போட்டு, குறுக்கே ஒரு பலகையை வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். மறுபடி போய் ஒரு நாற்காலியை அரை அடி நகர்த்தினார். தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய்கூட இத்தனை தரம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். அந்த நேரம் முழுக்கப் பெர்னிஸ் பக்கத்து வீட்டுப் படியில் நின்று கார்மைனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன பேச்சு?" என்றார் நார்பர்ட், அவள் காரில் ஏறியதும்.

"அவருக்கு முட்டி வலியாம். பாவம், நாலு தெரு நடக்கிறாரே."

பெர்னிஸ் உடுத்தியிருந்ததை நார்பர்ட் அப்போது கவனித்திருக்க வேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. முழங்கால்வரை பூட்ஸ். கையுறைக்குள் சூடு கொடுக்கிற பொட்டலம். கைப்பையில் ஒரு பிளாஸ்க். நார்பர்ட் தலையில் தொப்பிகூட இல்லை. சிகாகோக்காரனுக்கு எதற்குத் தொப்பி?

டவுனில் நிலத்தடியில் காரை நிறுத்திவிட்டு முதலில் பார்க்குக்குப் போனார்கள். அங்கேதான் அந்த அவரைக்கொட்டை இருக்கிறது. ஒரு வீடு அளவுக்கு, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று எஃகில் செய்த கொட்டை. சுற்றி வந்து பார்க்கிறவன் முகத்தை நெளித்து வளைத்துக் காட்டும். நார்பர்ட் அதில் தன்னைப் பார்த்தார். தலை பூசணிக்காயாகவும் உடம்பு முருங்கைக்காயாகவும் தெரிந்தது. காது இரண்டும் தக்காளி நிறத்தில் இருந்தன. அது மட்டும் கொட்டையின் வேலை இல்லை, காற்றின் வேலை.

"நல்லாப் பாரு பெர்னிஸ், அவசரமே இல்லை" என்றார், பல் கிட்டிக்க.

"பார்க்கிறேன். அந்தப் பக்கம் போய் நில்லு, போட்டோ எடுக்கிறேன். கையைக் கோட்டுப் பையிலேர்ந்து எடு. சிரி. அது சிரிப்பா?"

"வாய் உறைஞ்சு போச்சு."

"அப்படியே இரு, அதுவும் நல்லாத்தான் இருக்கு."

ஆற்றுப் பாலத்தில் நடந்தார்கள். ஏரிக்கரைக்குப் போனார்கள். ஏரிக்கரையில் காற்று வீசவில்லை, அறைந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. நார்பர்ட் வேண்டுமென்றே அவளை அலை உறைந்து கிடக்கிற விளிம்புவரை கூட்டிப் போனார். ஒரு நீளமான பெஞ்சைக் காட்டி, "உட்காரலாமா?" என்றார். இதற்கு மேல் எந்தப் பெண்ணும் தாங்க மாட்டாள் என்பது அவர் கணக்கு.

பெர்னிஸ் சந்தோஷமாக உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து சூடாகக் காபி ஊற்றிக் குடித்தாள். "ஆகா, என்ன அமைதி! கார் சத்தம் இல்லை, மீன் நாத்தம் இல்லை."

"எனக்கு?"

"உனக்கா? நீதான் குளிருக்குப் பொறந்தவனாச்சே."

நார்பர்ட் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். சிலது பதில் சொன்னது, சிலது சொல்லவில்லை. "உனக்குக் களைப்பா இருந்தா சொல்லு பெர்னிஸ். வாய் விட்டுச் சொன்னாத் தப்பில்லை. நான் கிண்டல் பண்ண மாட்டேன்."

"களைப்பா? இனிமேதானே இருக்கு." கோப்பையை மூடி, போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டாள். "இங்கேயே காத்து இப்படி அடிக்குதே. நம்ம தெருவுல அந்த ஆட்டக்கால் நாற்காலி நிக்குமோ என்னமோ!"

அது நேராகப் போய் நார்பர்ட்டின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர் எதைப் பார்த்தாலும் நாற்காலிதான் தெரிந்தது. பாலத்தைப் பார்த்தார், நாற்காலி. சிலையைப் பார்த்தார், நாற்காலி. காற்று ஒரு வீசு வீசினால், "விழுந்திருக்கும்" என்று வாய்க்குள் முனகினார்.

அடுத்தது கோபுரம். இதில் ஒரு சங்கடம். நார்பர்ட் ஏணியில் மூன்றாம் படி ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி. வீட்டில் விளக்கு மாற்றுவதுகூடப் பெர்னிஸ்தான். ஆனால் பந்தயத்தில் பின்வாங்க முடியுமா? ஏறினார். லிப்ட் மேலே போகப் போக அவர் உயிர் கீழேயே நின்றுவிட்டது.

உச்சியில், கட்டடத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு ஒரு கண்ணாடிப் பெட்டி. சுவரும் கண்ணாடி, தரையும் கண்ணாடி. காலுக்குக் கீழே நூறு மாடிக்கு மேல் ஆகாசம். பெர்னிஸ் நுழைந்து நடுவில் நின்றாள். இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் நிற ஏரி, வெள்ளை வெள்ளையாய்க் கூரைகள், எறும்பு மாதிரி கார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நார்ப், இங்கே வாயேன். எவ்வளவு அழகா இருக்கு நம்ம ஊரு! இதை விட்டுட்டு முப்பது வருஷமா அடுப்பைப் பார்த்துட்டு நின்னிருக்கேனே!"

அந்தக் குரலில் நார்பர்ட்டுக்கு மனசு ஒரு கணம் இளகிவிட்டது. அதே வேகத்தில் ஒரு காலைக் கண்ணாடியில் வைத்துவிட்டார். வைத்துவிட்டுக் கீழேயும் பார்த்துவிட்டார்.

"வீ... வீ..."

"என்ன? என்ன சொல்ல வர்றே?" பெர்னிஸ் சட்டென்று திரும்பினாள்.

நார்பர்ட் பக்கத்துக் கம்பியைக் கட்டிப் பிடித்தார். நாக்கைக் கடித்தார். ஜூலை மாத ஏரியை நினைத்தார், தூண்டிலை நினைத்தார், குளிர்ந்த பீரை நினைத்தார். "வீ... வீடெல்லாம் எவ்வளவு சின்னதாத் தெரியுது!"

"ஆமாம், ஆமாம். நல்லாச் சமாளிச்சே."

இறங்கி வந்தபோது பெர்னிஸுக்கும் ஒன்று புரிந்துவிட்டது. மனிதர் லேசில் வாயைத் திறக்க மாட்டார். அதற்காக அவள் கடையை மூடிவிடவில்லை. தெருமுனையில், நீள ரொட்டிக்குள் இறைச்சிக் குழலை வைத்துத் தருகிற ஹாட் டாக் கடை ஒன்று இருந்தது. நல்ல வரிசை. எல்லாரும் உள்ளூர் முகங்கள். சிகாகோவில் ஹாட் டாக்குக்கு ஆசாரம் உண்டு. கடுகு விழுது போடலாம், வெங்காயம் போடலாம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, பச்சை மிளகாய் எல்லாம் போடலாம். கெச்சப் மட்டும் போடக் கூடாது. கெச்சப் கேட்கிறவனைக் கடைக்காரரே "எந்த ஊரு?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். சைவக்காரன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கால் கேட்டது போலத்தான்.

பெர்னிஸ் முறை வந்தது. கணீரென்று கேட்டாள்: "எனக்கும் இவருக்கும் ஒண்ணு ஒண்ணு. நிறையக் கெச்சப் ஊத்துங்க."

வரிசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒருவர் தன் சிறு பெண்ணின் காதைப் பொத்தினார். கடைக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"என்னம்மா கேட்டீங்க?"

"கெச்சப். இவருக்கு ரொம்ப இஷ்டம். வீட்டுல ராத்திரி ஒளிச்சு வெச்சுத் தின்பார்."

"பொய்!" என்று அலறினார் நார்பர்ட். "ஐயா, நான் இந்த ஊர்க்காரன்! எங்க அப்பாவும் இந்த ஊரு! இந்த அம்மாவை... இந்த அம்மாவை எனக்கு அவ்வளவாத் தெரியாது!"

"முப்பது வருஷமாக் குடித்தனம் பண்றோம்" என்றாள் பெர்னிஸ் வரிசையைப் பார்த்து. "கூச்சப்படுறார். என்ன நார்ப், எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. எங்கேயாவது போயிடலாம்போல இருக்கா? எங்கேன்னு சொல்லேன்?"

ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்ளலாம்போலத்தான் இருந்தது. சொல்லவில்லை. கெச்சப் ஒழுகுகிற ஹாட் டாக்கைக் கையில் வாங்கி, ஊரே பார்க்க நின்று, கடைசித் துண்டுவரை தின்றார். வீரன் என்றால் அவனல்லவா வீரன்.

பொழுது இறங்கிற்று. மறுபடி பூப்பூவாய்ப் பனி விழத் தொடங்கிற்று. "சாப்பிடப் போலாம்" என்று அவள் அழைத்துப் போனது சட்டிப் பீட்சாக் கடைக்கு. ஆழமான இரும்புச் சட்டியில் மாவைப் பரப்பி, வண்டி வண்டியாகச் சீஸைக் கொட்டி வேகவைக்கிற பீட்சா. வெந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். நார்பர்ட்டைக் கேட்டால், அது வெளியூர்க்காரன் தின்கிற பண்டம். தெற்குப் பக்கத்துக்காரன் பீட்சா அப்பளம் மாதிரி மெல்லிசாக, சதுரம் சதுரமாக வெட்டியிருக்கும். ஆனாலும் கடைக்குள் சூடு இருந்தது, நாற்காலி இருந்தது. கால் விரல்களுக்கு ஒவ்வொன்றாக உயிர் வந்தது.

பெர்னிஸ் பரிமாறுகிற பெண்ணிடம் சொன்னாள்: "பீட்சா வரும்போதே பார்சல் பெட்டியும் ஒண்ணு கொண்டு வந்துடும்மா."

நார்பர்ட்டின் காது நிமிர்ந்தது. பார்சலா? அடேடே! அப்படியானால் இவள் முடிந்தாள். உட்கார்ந்து சாப்பிடக்கூடத் தெம்பில்லை. இன்னும் பத்து நிமிஷம், வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்துவிடும். விஸ்கான்சின் ஏரி கண் முன்னால் மினுமினுத்தது.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள் பெர்னிஸ். கைப்பையோடுதான் போனாள். சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள்.

பீட்சா வந்தது. ஆவி பறந்தது. காலையிலிருந்து அந்தக் கெச்சப் அவமானத்தைத் தவிர வேறெதுவும் வயிற்றில் இறங்காத நார்பர்ட், ஒரு துண்டை வெட்டித் தூக்கினார். சீஸ் நூலாக நீண்டு வந்தது. வாயைத் திறந்தார். போன் அடித்தது. கார்மைன்.

"மாப்ளே, எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. உன் நாற்காலி ரெண்டும் இடத்துல இல்லை."

"என்னடா சொல்றே?"

"பலகையையும் காணோம். அங்கே ஒரு வண்டி நிக்குது."

துண்டு தட்டில் விழுந்தது. "எவன்டா அவன்? ஆளைப் பார்த்தியா?"

"பார்த்தேன். வாட்டசாட்டமான ஆளு. மீசையெல்லாம் இருக்கு. பார்த்தா நல்ல குடும்பத்துப் பையன் மாதிரிதான் இருக்கான்."

"நல்ல குடும்பமா? நான் இடுப்பு ஒடிய வாரின இடம்டா! கார்மைன், நீ எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. அவனை விட்டுடாதே. நான் வர்ற வரைக்கும் பிடிச்சு வெச்சிரு!"

"அவனை விட்டு நான் எங்கேயும் போக மாட்டேன் மாப்ளே. நீ நிதானமா வா."

நிதானமா? நார்பர்ட் துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"எழுந்திரு பெர்னிஸ்! கிளம்பு! வீட்டுக்குப் போலாம்!"

பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பெர்னிஸ் முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னே?"

நார்பர்ட் நின்றார். கோட்டின் மறு கை தரையில் தொங்கியது.

"இன்னொரு தடவை சொல்லு நார்ப். காதுல தேன் பாயுது." பெட்டியைத் திறந்து பீட்சாவை அப்படியே நகர்த்தி வைத்தாள். "நல்லவேளை, பெட்டியை முன்னாடியே கேட்டு வாங்கினேன்."

வீடு போகிற வழியெல்லாம் நார்பர்ட்டுக்கு இடத்து நினைப்புதான். ஜூலை போனது போகட்டும். ஆனால் இடம்? அந்த மீசைக்காரனை நாலு கேள்வி கேட்காவிட்டால் நான் நோவாக் இல்லை என்று கறுவிக்கொண்டே ஓட்டினார். தெருவுக்குள் திரும்பினார். அவர் வாரிய அந்தப் புனிதமான இடத்தில், இரண்டு முனையும் இடிக்க இடிக்க, ஒரு பெரிய டிரக் நின்றது. அதன் மேல் சாய்ந்து, ரொட்டியைக் கடித்துக்கொண்டு நின்றவர் கார்மைன். நாற்காலிகள் இரண்டும் நோவாக் வீட்டுப் படியில் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

நார்பர்ட் கார்க் கண்ணாடியை இறக்கினார். "கார்மைன், இது உன் டிரக்."

"ஆமாம் மாப்ளே."

"நீதானா அந்த ஆளு?"

"வாட்டசாட்டமா, மீசையோட. நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனா? நீ பிடிச்சு வைக்கச் சொன்னே, அப்போலேர்ந்து கையோட பிடிச்சுட்டு நிக்கிறேன்."

"துரோகி! நாற்காலியை எடுத்தியே, தெரு உன்னைச் சும்மா விடுமா?"

"நான் எங்கே எடுத்தேன்? காலையிலேயே வீட்டுக்காரங்க பேசி முடிச்சுக் குடுத்த இடம். தங்கச்சி கிட்டேர்ந்து 'எடுக்கலாம்'னு சேதி வந்ததும் தூக்கிப் படியில வெச்சேன். மாப்ளேன்னு உன்னை வாய் நிறையக் கூப்பிடுறேனே, தங்கச்சி பக்கம் நிக்காம வேற எங்கே நிப்பேன்?"

நார்பர்ட் மெல்லப் பெர்னிஸ் பக்கம் திரும்பினார். "என் இடத்தை... நீயா குடுத்தே?"

"பின்னே? அண்ணன் சும்மா போன் பண்ணுவாரா? பாவம், முட்டி வலி வேற."

"அப்படின்னா..." நார்பர்ட் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "காலையிலேயே பேசி வெச்சேன்னா, காலையிலேயே போன் பண்ணச் சொல்லியிருக்கலாமே? ஏரிக்கரையில காது ரெண்டும் போச்சே! கோபுரத்துல உயிர் போச்சே! கெச்சப்பு தின்னேனே!"

"சொல்லியிருக்கலாம்தான்" என்றாள் பெர்னிஸ், பெட்டியோடு இறங்கிக்கொண்டே. "ஆனா நான் ஊரைப் பார்க்கணுமே. சீக்கிரம் நிறுத்திட்டு வா. பீட்சாவைச் சூடு பண்ணி வைக்கிறேன்."

நிறுத்துவதா? எங்கே நிறுத்துவது? தெரு முழுக்க நாற்காலிகள், வாளிகள், ஒரு வீட்டு வாசலில் பழைய கிறிஸ்துமஸ் மரம். ஒன்றையும் தொட முடியாது. தொட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கே சொல்லித் தந்தவர் அவர்தான். சுற்றினார். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. கடைசியில் தேவாலயத்துக்குப் பின்னால், யாரும் கை வைக்காத ஒரு பனி மேடு. நெஞ்சுயரம். காரின் பின்பக்கத்திலிருந்து மண்வெட்டியை எடுத்தார்.

வாரினார். பல்லைக் கடித்துக்கொண்டு வாரினார். ஜூலை போனாலும், மானம் போனாலும், பனி வாரினவனுக்கே இடம் என்று சொல்லிச் சொல்லி வாரினார். ஒரு வழியாகத் தார் தெரிந்தது. காரை உள்ளே விட்டு, இறங்கி, முதுகை நிமிர்த்தினார். அப்போது பனியில் வழுக்கி வழுக்கி ஓர் உருவம் வந்தது. கார்மைன்தான். ஒரு தோளில் முதுகில்லாத நாற்காலி, மறு தோளில் ஆட்டக்கால் நாற்காலி.

"இங்கே வெச்சுக்கச் சொல்லித் தங்கச்சி குடுத்தனுப்பிச்சுது மாப்ளே."

"எனக்கு எதுக்குடா இது? கார்தான் இங்கேயே நிக்கப் போகுதே!"

கார்மைன் நாற்காலிகளை இறக்கி வைத்தார். பனியைத் தட்டினார். அவருக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு மியூசியமாம்."